கெட்டிமேளத்தில் கிழிந்த தோல்

மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. தென்காசித் தெருவெல்லாம் ஈரத்துணி வாடை. இன்று காலை, நம் மேளக் குழுவுக்குப் புதிதாக வந்திருப்பவர் பக்கத்து அறையில் கரியடுப்பைப் பற்றவைத்துத் தவிலின் வலந்தலையை, ஈரத்தில் தளர்ந்த அந்த வலப்பக்கத் தோலை, அனலில் காட்டிக்கொண்டிருந்தார். தோல் சூடேறும் வாசனை வந்தது. அதுவரை ஒன்றுமில்லை. பிறகு அந்த வாசனை லேசாக மாறியது, முடி பொசுங்குவது போல. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து ஓடித் தவிலை அவர் மடியிலிருந்து பிடுங்கிவிட்டேன். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன். நீ போய்ச்சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

நாயனக்கார அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் நாம் நின்ற நாட்களை நினைத்துக்கொள்கிறேன். மேளத்தில் இரண்டு தவில் இருந்தன. இரண்டும் பொதுச் சொத்து. ஒன்று பழசு, எப்படி இழுத்துக் கட்டினாலும் பானையைத் தட்டுவது போலத்தான் பேசும். மற்றது செங்கோட்டைப் பக்கத்துப் பலாமரத்தில் குடைந்தது. அதன் குரலுக்காக நாம் முறை வைத்துக்கொண்டோம். ஒரு கச்சேரிக்கு உனக்கு, மறு கச்சேரிக்கு எனக்கு.

நீ சிறுவயதில் அருவிக்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து சாதகம் செய்தவன். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே உன் அடி உனக்குக் கேட்க வேண்டும், அப்படிப் பழகிய கை. "மெதுவா அடிச்சா எனக்கே கேக்காதுலே" என்பாய். நான் ஒரு தோலில் ஓட்டுகிற காலத்துக்குள் நீ மூன்று தோலை முடித்துவிடுவாய். வார் இளகும், மூங்கில் வளையம் விரிசல் விடும். மறுநாள் என் முறை வரும்போது அந்தப் பலாத் தவில் தொங்கிப்போன குரலோடு என்னிடம் வந்துசேரும். கீழப்பாவூரில் தோல் கட்டுகிறவரிடம் அதைச் சுமந்துபோய், நாள் முழுக்க அவர் வாசலில் காத்திருந்தது எல்லாம் நான். நீ ஒரு தடவைகூட வந்ததில்லை.

அந்தக் கோபம் நியாயமானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதை உன்னிடம் நேராகச் சொல்லாமல் ஊரெல்லாம் சொன்னேன். அண்ணாச்சியிடம் சொன்னேன், காப்பிக் கடையில் சொன்னேன், கல்யாண வீட்டுச் சமையல்காரர்களிடம்கூடச் சொன்னேன். அது கையில்லை, உலக்கை என்று. மூன்று வருஷம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் கேட்டுச் சிரித்திருக்கிறாய். கல்யாணத்துக்கு மேளம் பேச வருகிறவர்கள் மட்டும், "அந்த இடி மாதிரி அடிக்கிறவர் வருவாருல்லா?" என்று உன்னைத்தான் கேட்பார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

குற்றாலத்துப் பண்ணையார் மகள் கல்யாணம் ஒரு ஆனி மாதத்தில் வந்தது. மாப்பிள்ளை வீடு ஆலங்குளம். விடியும்போதே சாரல். காற்றில் இருந்த ஈரத்தில் இரண்டு தவிலும் ஊமையாகிக் கிடந்தன. அன்று பலாத் தவில் உன் முறை. நீ அருவிக்குக் குளிக்கப் போயிருந்தாய். அனலில் காட்டும் வேலையை என்னிடம் விட்டுப்போனாய்.

அடுப்புக்கு அருகே தவிலைச் சாய்த்து வைத்தேன். சமையல் கட்டிலிருந்து காப்பிக்குக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் பேச்சு வளர்ந்தது. உன்னைப் பற்றிய பேச்சுத்தான். திரும்பி வந்தபோது தோலின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது. தொட்டேன். காய்ந்த ஓலை மாதிரி விறைத்திருந்தது.

மாற்றுத் தோல் கையில் இல்லை. ஆனால் வழி இல்லாமல் இல்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் பழைய தவிலை வைத்துச் சமாளித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கருகிய இடத்தில் எண்ணெய் தடவித் துடைத்து, அந்தப் பக்கம் கீழே போகும்படி தவிலைத் திருப்பி வைத்தேன். நீ ஈரத்தலையோடு வந்தாய். விரல்களில் தவிலடிக்கும் கூடுகளை மாட்டிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினாய். "நல்லா ஏறியிருக்குலே" என்றாய். நான் தலையாட்டினேன். இவன் கையில் கிழியட்டும் என்ற நினைப்பு அப்போது எனக்கு வந்ததா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வந்தது.

முகூர்த்த வேளையில் உன் கையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் என்றார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். நீ உன் முழுக் கையையும் போட்டாய். நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ, துணி கிழிவது போல ஒரு சத்தம். உன் விரல்கள் தோலுக்குள் போய்விட்டன.

அந்த நேரத்தில் என் தவில் பேசியிருக்க வேண்டும். என் கையும் நின்றுவிட்டது. நாயனம் மட்டும் தனியாக ஒலித்தது. பந்தலில் அத்தனை பேரும் நம் பக்கம் திரும்பினார்கள். நீ என்னைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலே, அடி" என்றாய். அடித்தேன். அதற்குள் தாலி ஏறிவிட்டது.

மாப்பிள்ளையின் தாயார் அபசகுனம் என்று சொன்னது பந்தலின் கடைசிவரை கேட்டது. பின்கட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி கிழிந்த தோலைப் பார்க்கவே இல்லை. உன் கையைத்தான் பார்த்தார். நீயும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என் கைதான் அண்ணாச்சி. கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டேன்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கே உன்னை மேளத்திலிருந்து நிறுத்தினார்கள். கிழிந்த தோலைப் பிரித்து எறியும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சீசன் முழுக்க நீ அருவிக் கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போனாய். வெளியூர்க்காரர்கள் உன் கைக்காக வரிசையில் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, உனக்குப் பிழைப்பு ஓடுகிறது என்று. பலாத் தவில் என்னிடமே நிலையாக இருந்தது. தோல் கிழியவில்லை, வார் இளகவில்லை. ஒரு கச்சேரியில்கூட நான் அதை விரும்பி அடிக்கவில்லை.

ஆவணி நடுவில் பண்ணையார் வீட்டுச் சமையல்காரரைச் சந்தித்தேன். அந்தப் பெண்ணை ஆலங்குளத்தில் மாமியார் விளக்கேற்ற விடுவதில்லையாம். நல்ல காரியம் எதற்கும் முன்னால் வரக்கூடாதாம். தாலி ஏறும்போது மேளம் செத்துப்போனவள் என்று பேச்சாம். அவர் சும்மா ஊர்ச் செய்தியாகத்தான் சொன்னார். நான் அங்கிருந்து நேராகக் குற்றாலத்துக்கு நடந்தேன்.

நீ ஒருவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். உன்னைத் தனியாகக் கூப்பிட்டேன். வேலையை விட்டு வர முடியாது என்று தலையசைத்தாய். அருவிச் சத்தத்தில் நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் தொண்டை கிழியக் கத்தினேன். "தோலைக் கருக்குனது நான்தாம்லே. தெரிஞ்சேதான் உங்கிட்ட குடுத்தேன்."

காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. உன் கை மட்டும் நிற்கவில்லை. அந்த ஆளின் தோளை முடித்து, கையை முடித்து, அவரை அருவிக்கு அனுப்பினாய். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். நீ அடிப்பாய் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அண்ணாச்சிகிட்ட சொன்னியா?"

இல்லை என்றேன். பெண் விஷயத்தையும் சொன்னேன். அப்போதுதான் உன் முகம் மாறியது.

"எங்கிட்ட சொல்லி என்னலே ஆவப்போவுது? அங்கன போய்ச் சொல்லு."

முதலில் அண்ணாச்சியிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, நீ திரும்பி வந்தால் நானும் மேளத்தில் இருக்கலாம், நீ வரவில்லையென்றால் நானும் வேண்டாம் என்று சொல்லி உள்ளே போய்விட்டார். மறுநாள் ஆலங்குளம் பஸ்ஸில் நாம் இருவரும் போனோம். நீ ஏன் கூட வந்தாய் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் பாதியில் இறங்கி ஓடிவிடுவேன் என்று நினைத்தாயோ என்னவோ.

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் நின்று, அந்தப் பெண்ணின் மாமனாரிடம் நடந்ததைச் சொன்னேன். அடுப்பு, காப்பி, எண்ணெய், திருப்பி வைத்தது, எல்லாம். வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அவர் கேட்டார்.

"இத்தன நாளும் உன் வாயத் தைச்சா போட்டிருந்தாவ?"

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல், இது நாம் ஜோடித்துக் கொண்டுவந்த கதை என்றது. நீதான் ஓரடி முன்னால் வந்து சொன்னாய். தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள யாரும் கதை ஜோடித்துக்கொண்டு பஸ் ஏறி வரமாட்டார்கள் என்று. மாமனார் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மோர் கொண்டுவந்தாள். உன் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். என்னுடையதைத் தரையில் வைத்தாள். "ரெண்டு மாசம் முந்தியே வந்திருக்கலாம்லா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் அவளையே விளக்கேற்றச் சொன்னார் மாமனார் என்று பின்னால் தெரியவந்தது.

புரட்டாசியில் நீ மேளத்துக்குத் திரும்பினாய். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நீ அந்த விஷயத்தை ஒருநாளும் எடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் கட்டைவிரலால் வலந்தலையின் ஓரம் முழுக்கத் தடவிப் பார்ப்பாய். உன் தவிலை மட்டுமல்ல, என்னுடையதையும். எல்லார் முன்னாலும். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருக்கும். இவன் என்னை நம்பவில்லை, நம்பவும் மாட்டான், இது எனக்கு வேண்டியதுதான் என்று நின்றுகொண்டிருப்பேன். உன் அடியும் மாறியிருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் இடி என்று உன்னைத் தேடி வரவில்லை. வயது ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். உன் மனைவியை நான் அப்படித்தானே கூப்பிடுவேன். பேச்சோடு பேச்சாக, நீ என்மேல் வைத்திருந்த சந்தேகத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"உங்க மேல என்ன சந்தேகம்? அவுகளுக்குத் தன் கை மேலதான் பயம். முந்தின கச்சேரியில அது தோல எங்கயாவது கிழிச்சுருக்குமோன்னுதான் ரெண்டு தவிலையும் தடவிப் பாப்பாக. பிள்ளயக்கூட அழுத்தித் தூக்கமாட்டாக. நீங்க கருக்கலைன்னாலும் அது கிழிஞ்சுதான் போயிருக்கும்னு கடைசிவரை சொன்னாக."

தோலைக் கருக்கியது ஒரு காலைப் பொழுதின் தவறு. அதை மூன்று இடத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். உன் கையை நினைத்து உனக்கே பயம் வரும்படி பேசிப் பேசி வைத்தது மூன்று வருஷத்து வேலை. அதைச் சொல்ல வேண்டியிருந்தது உன் ஒருவனிடம்தான். பக்கத்திலேயே நின்றும் எனக்கு அது தெரியாமல் போயிற்று.