இறங்காத தண்ணீர்

என் பட்டுக்குட்டிக்கு,

அம்மாவும் அப்பாவும் சுகம். ஒப்புக்கு எழுதவில்லை, இந்த வாரம் நிஜமாகவே சுகம். நீ எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா? போனில் சொன்னால் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுவாய் என்றுதான் கடிதம்.

உன் சின்ன மாமா ஒரு மாதமாக என்னோடு பேசாமல் இருந்தான், உன்னிடம் மறைத்துவிட்டேன். அவனுடைய செடி நர்சரிக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகத்துக் கண்காணிப்புக் கிணறு ஒன்று இருக்கிறதே, பேருக்குத்தான் கிணறு, மூடி போட்ட இரும்புக் குழாய். அதில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை, நாடாவை இறக்கி நீர்மட்டம் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று அளப்பதோடு சரி. நாடெங்கும் இப்படி நட்டுவைத்த குழாய்களை அளந்துதான் பூமிக்கடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். இந்தத் தடவை தண்ணீர் இரண்டு முழம் இறங்கியிருப்பதாக வந்தது. அவ்வளவு இறங்கினால் சுற்றுவட்டாரத்தில் யாரும் மோட்டார் போடக்கூடாது. வேலையை விட்டுவிட்டு மாமா வளர்க்கும் கன்றுகளோ ஒரு வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் கருகிவிடும். தடைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அவன் வந்து கெஞ்சினான், பிறகு கத்தினான், கூடப்பிறந்த பாவத்துக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உன் அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார், அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

எனக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல மழை பெய்து அக்கம்பக்கத்துக் குழாய்களில் எல்லாம் மட்டம் ஏறியிருக்க, இது மட்டும் இறங்குவானேன்? கையெழுத்துப் போடுமுன் நானே நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். அதே அளவுதான் வந்தது. நாடாவைச் சுருட்டும்போதுதான் உறைத்தது, மண்டி போட்டு அளந்துகொண்டிருந்த குழாயை இப்போது நின்றபடியே அளக்கிறேன். மழைத்தண்ணீர் உள்ளே போகிறதென்று மராமத்துக்காரர்கள் மேலே இன்னொரு துண்டுக் குழாயை ஒட்டி உயர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நாங்கள் அளப்பது குழாயின் வாயிலிருந்து. வாய் மேலே போனதைத் தண்ணீர் கீழே போனதாக எழுதிவிட்டோம்! அந்தத் துண்டைக் கழித்துப் பார்த்தால் தண்ணீர் ஏறித்தான் இருக்கிறது. வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதேன் பட்டு, அப்பாடா என்று இருந்தது. கணக்கைத் திருத்தி ஊரிலும் சொன்னேன், தடை போடவில்லை.

நேற்று மாமா சாப்பிட வந்தான். தட்டில் கை வைத்தவன் நிறுத்திவிட்டு, நிஜமாவே தண்ணி இறங்கியிருந்தா என் மோட்டாரை நிறுத்தியிருப்பியாக்கா என்று கேட்டான். முதல்ல உன்னோடதைத்தான்டா என்றேன். அதனாலதான்க்கா, ஏறியிருக்குன்னு நீ சொன்னதும் ஒருத்தர்கூட சந்தேகப்படல என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

நன்றாக இரு கண்ணு, நினைத்ததெல்லாம் கைகூடட்டும். மாமாவுக்கு ஒரு போன் போடு, நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா