என் மகளுக்கு நீ போட்ட கோடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அண்ணி ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள், சர்க்கரையோடு விளையாடாதே. போனில் பேசினால் பாதியில் குறுக்கே புகுந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

சாஃப்ட்வேரில் நீ ஆரம்பித்து எங்களுக்கும் திறந்துவிட்ட குடும்ப மரத்தைப் பார்த்தோம். தாத்தாவின் மீசைப் படம் உனக்கு எங்கே அகப்பட்டது? உங்கள் பக்கம் இத்தனை பேரா என்று இவர் வாயைப் பிளந்தார். அதுவரை சந்தோஷம்தான்.

பிறகு சின்னவள் தன்னைத் தேடினாள். பெரியவனுக்கு முழுக்கோடு, அவளுக்குப் புள்ளிக்கோடு, கீழே ‘தத்து’ என்ற சொல். தத்தெடுத்ததை நாங்கள் அவளிடம் மறைத்ததே இல்லை. ஆனாலும், "ஏம்மா, என் கோடு மட்டும் அறுந்து அறுந்து வருது? நெட் சரியில்லையா?" என்று கேட்டாள்.

முழுக்கோடாக மாற்றினேன். மறுநாளே நீ பழையபடி ஆக்கியிருந்தாய். மறுபடி மாற்றினேன், நான் கை வைக்கவே முடியாதபடி பூட்டிவிட்டாய். கேட்டதற்கு, "நான் என்னம்மா பண்றது? ரத்த சம்பந்தம்னா ரத்த சம்பந்தம்தான்" என்றாய். பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க ரத்தத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், அண்ணா. யாருடைய மகள் என்று எந்தச் சோதனைக் குழாயும் தானாக எழுதிக்கொண்டு வந்ததில்லை. பெயரை நாங்கள்தான் ஒட்டுகிறோம்.

ஆகவே நானே புதிதாக ஒரு மரம் ஆரம்பித்துவிட்டேன். முதல் ஆள் யார் என்று சாஃப்ட்வேர் கேட்டது. சின்னவள் பெயரைத் தட்டினேன். பக்கத்தில் அவள் அண்ணன். மேலே நானும் இவரும், அதற்கும் மேலே நம் அம்மா, அப்பா. உன்னைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அவளே மௌஸைப் பிடுங்கி, உன் கல்யாணப் படத்தை ஒட்டி, ‘என் மாமா’ என்று எழுதிவிட்டாள். நான் தடுக்கவில்லை. என் கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே. அவள் மரம், அவள் இஷ்டம்.

நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, சொந்தபந்தத்தைக் கூட்டி என்னைத் திட்டினாலும் சரி, இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னைக் கூப்பிடுவாள். மரத்தைப் பற்றிப் பேச அல்ல. முன்பல் விழுந்துவிட்டது, அதை மாமாவிடம் தானேதான் சொல்ல வேண்டுமாம். எங்களைச் சொல்லவே விடவில்லை.

போனை எடு, அண்ணா.

உன் தங்கை