ஞாயிறன்று தைத்த சட்டைகள்

பல்லடம்
28 ஏப்ரல் 2025

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரி ரோஸ்மேரி அவர்களுக்கு,

சமாதானம் உண்டாவதாக. இதை உங்கள் தம்பியாக அல்ல, சபையின் போதகராக எழுதுகிறேன். ஈஸ்டருக்கு முன்பிருந்தே நீங்கள் ஞாயிறு ஆராதனைக்கு வராமல் பனியன் கம்பெனிக்குப் போகிறீர்கள். ஓய்வுநாளில் வேலை செய்கிறவர்களுக்குத் திருவிருந்து இல்லை என்பது நம் சபையின் பழைய சட்டம். நேற்று ஆராதனையில் உங்கள் பெயரை வாசிக்க வேண்டியதாயிற்று. மனந்திரும்பி வரும்வரை அப்பத்திலும் பாத்திரத்திலும் உங்களுக்குப் பங்கில்லை. எனக்கும் வருத்தம்தான்.

மற்றபடி, பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி இன்று தொடங்கியது. எல்லாரும் மஞ்சள் டீ-ஷர்ட்டில் வந்து நின்றபோது கண் நிறைந்துவிட்டது. மஞ்சளா நீலமா என்று கமிட்டியில் சண்டை ஓய்ந்ததே சனிக்கிழமை மத்தியானம்தான். இருந்தும் இன்று விடியும்போது மூட்டை வாசலில் இருந்தது. கர்த்தருடைய கிருபை. அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

கிறிஸ்துவின் பணியில்,
ரெவ. ஞானசிகாமணி


மங்கலம்
1 மே 2025

அன்புள்ள மணிக்கு, ரோசியக்கா எழுதுவது.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த சபை ஊழியர் என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். நான் எப்போதிருந்து உனக்கு 'அவர்கள்' ஆனேன்? போன் போட்டால் கத்திவிடுவேன். இன்று மே தினம், கம்பெனி லீவு. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயரை வாசித்தது உன் கடிதம் பார்த்தா எனக்குத் தெரியும்? நீ வாசிக்கும்போதே கேட்டேன். ஞாயிறுதோறும் உன் ஆராதனையை லைவில் போட்டு, போனை மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் தைப்பேன். பக்கத்து மெஷின் இந்துமதிகூட இரண்டு பாட்டு கற்றுக்கொண்டுவிட்டாள். அன்றைக்கு உன் குரலில் என் பெயர் வந்தது. எனக்காக ஜெபிக்கப் போகிறாய் என்று நினைத்துக் கண்ணை மூடினேன், மணி.

'திருவிருந்திலிருந்து விலக்கப்படுகிறார்' என்றாய். தூக்கிவாரிப் போட்டது. ஊசி எங்கே ஓடுகிறதென்றே தெரியவில்லை. இந்துமதி, "ஏனுங்க்கா, உங்க தம்பிதானுங்களே அது? உங்களைய என்னமோ சொல்றாருங்களே?" என்றாள்.

அப்போது என் மடியில் கிடந்தது என்ன தெரியுமா? மஞ்சள் டீ-ஷர்ட். உன் விடுமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி மகுடேஸ்வரன் வந்து, "உங்க பாஸ்டர் ஆர்டருங்க அம்மிணி. திங்கக்கெழமை விடியறப்பவே வேணுமாமா. நாளைக்கு வந்துருங்க" என்றார். தம்பி சபைப் பிள்ளைகளுக்கு என்று சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன்.

சட்டம் தப்பு என்று சொல்லமாட்டேன். அப்பா காலத்துச் சட்டம் அது. ஞாயிறு வேலை எனக்கும் தொண்டையில் முள்தான். உங்க அத்தான் கை மெஷினில் போன பிறகு நான் ஒருத்தி சம்பாதித்துத்தான் அடுப்பு எரிகிறது. ஷிப்மென்ட் நேரத்தில் ஞாயிறு வராதவளுக்குத் திங்கள் மெஷின் கிடையாது. பெயரை வாசிக்கும் முன் ஒரு தடவை வீட்டுக்கு வந்து, "ஏங்க்கா வரலை?" என்று கேட்டிருக்கலாமே? பல்லடத்திலிருந்து மங்கலம் அவ்வளவு தூரமா, லே?

ரோசியக்கா


பல்லடம்
2 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

படித்து அதிர்ந்துபோனேன். உள்ளதைச் சொல்கிறேன், சட்டையை யார் தைப்பார்கள், எப்போது தைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் அது ஊழியத்துக்கான காரியம். தேவாலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளில் வேலை செய்தும் குற்றமில்லாதிருந்தார்கள் என்று வசனம் உண்டு. இரண்டையும் கலக்க வேண்டாம். அக்காவுக்காகச் சட்டத்தை வளைத்தால் சபை என்னை மதிக்குமா?

மணி


மங்கலம்
3 மே 2025

மணிக்கு,

அந்த வசனம் எனக்கும் தெரியும். ஆர்டர் கொடுத்த உனக்குப் பொருந்துகிற வசனம் தைத்த எனக்குப் பொருந்தாதா? வளைக்கச் சொல்லவில்லை, நேராகப் பிடி என்கிறேன். நாளைக்குத் திருவிருந்து. நான் லைவும் பார்க்கமாட்டேன். பார்க்க நெஞ்சில் தெம்பில்லை.

ரோசி


பல்லடம்
5 மே 2025

அன்புள்ள ரோசியக்காவுக்கு,

நேற்று நடந்ததை நீ பார்த்திருக்கமாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் மகுடேஸ்வரனிடம் போனேன். "ஏனுங்க பாஸ்டர், சனிக்கிழமை சொல்லிப்போட்டு திங்கக்கெழமை விடியறப்ப வேணும்னீங்க. நடுவால வேற எந்த நாளுங்க இருக்குது?" என்று சிரித்தார். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

நேற்று பிள்ளைகள் அந்தச் சட்டையோடு முன்னால் நின்று பாடினார்கள். அடுத்து நான் அப்பத்தை எடுக்க வேண்டும். கை வரவில்லை. உன் பெயரை வாசித்த அதே தாளை எடுத்து, உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைச் சொல்லி வாசித்தேன். ஓய்வுநாளில் வேலை செய்தவர் என்பதை, செய்யவைத்தவர் என்று மாற்றினேன். செயலாளர் மோகன்ராஜ் பதறியடித்து ஓடிவந்து, "ஐயா, லைவ் ஓடிக்கிட்டிருக்கு!" என்றார். "எங்க அக்கா பேரை வாசிச்சப்பவும் ஓடிச்சுல்லா?" என்றேன். அப்பத்தையும் பாத்திரத்தையும் வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, இறங்கிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நேற்று யாருக்கும் திருவிருந்து இல்லை.

கமிட்டி கொதிக்கிறது. என்னை வைத்திருப்பார்களோ அனுப்புவார்களோ, தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வரட்டுமா அக்கா? முதலிலேயே வந்திருக்க வேண்டியது.

உன் தம்பி,
மணி


மங்கலம்
8 மே 2025

அன்புள்ள மணிக்கு,

அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்! கடிதத்தை உங்க அத்தானுக்குச் சத்தமாக வாசித்தேன். பாதிக்கு மேல் அவரே வாங்கி வாசித்தார்.

மகுடேஸ்வரனிடம் இனி ஞாயிறு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப வேற கம்பெனி பாத்துக்கோணுமுங்க அம்மிணி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாமளாபுரம் பக்கம் விசாரிக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா வீட்டுக்கு வர அனுமதி கேட்பாயோ? செவ்வாய்க்கிழமை வா, சாளை மீன் குழம்பு வைக்கிறேன். வரும்போது சின்ன சைஸ் சட்டைகளில் கழுத்துத் தையல் கோணலாக ஓடியதை எல்லாம் எடுத்து வா. நீ என் பெயரை வாசித்த நேரம் தைத்தவை அவை. பிரித்துத் தைத்துத் தருகிறேன். செவ்வாய்க்கிழமைதானே, உன் சட்டத்துக்கு ஒரு குறையும் வராது.

உன் அக்கா,
ரோசி