கல்லூரிக்கு ஓர் அர்ச்சனை

இன்று காலை கடதாசி கிழிபடுகிற சத்தத்தில் நீர் என் நினைவில் வந்து நின்றீர். முதுகின் அடியில் நாரி பிடித்து, குனியவும் நிமிரவும் ஏலாமல் முதுகெலும்பு பார்க்கிற கைரோபிரக்டரிடம் போயிருந்தேன். மேசையில் முகம் வைக்கிற ஓட்டையின் மேல், அங்கே டொக்டராக இருக்கிற இளம் பிள்ளை புதுக் கடதாசியை உருவி, கிழித்து, விரித்தாள். குப்புறப் படுத்தேன். உமது மேசையில் மணந்த அதே மணம்.

எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு நீர் வாடகைக்கு வந்தபோது இரண்டு சூட்கேசும் அந்த மடிக்கிற மேசையும்தான் கொண்டுவந்தீர். ஐரோப்பாவில் முதுகெலும்பு வைத்தியம் படித்து முடித்துவிட்டுக் கனடாவுக்கு வந்த பெண். ஆனால் நீர் படித்த கல்லூரிக்கு இன்னும் சர்வதேச அங்கீகாரம் கிடைக்கவில்லை. அது இல்லாமல் இங்கே லைசென்ஸ் சோதனை எழுத விடமாட்டார்கள். அதனால் பேக்கரியில் பாண் அடுக்கப் போனீர்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு இது விளங்கவில்லை.

"படிச்சது நீர். சோதிக்கிறது கல்லூரியையோ?"

"அக்கா, நீங்கள் இடியப்பம் அவிக்கிற கடையின்ர கதவில பச்சைத் தாள் ஒட்டியிருக்கெல்லே? சிட்டியால வந்து குசினி, பிரிஜ் எல்லாம் திறந்து பாத்திட்டுத்தானே ஒட்டுறவை?"

"ஓம். அண்டைக்கு முதலாளி விடியவே வந்து அடுப்புத் தேய்ப்பார்."

"இதுவும் அப்பிடித்தான். வெளியால ஆக்கள் வந்து, ஆர் படிப்பிக்கினம், என்ன படிப்பிக்கினம், நோயாளியில கை வைக்க முதல் எப்பிடிப் பழக்கினம் எண்டு பாக்கோணும். சரியெண்டு அவை சொன்னாத்தான் வேற நாட்டில எங்களை நம்புவினம்."

உமது படிப்பு வெளியில் தெரிந்ததும், வீட்டுக்கு வருகிற சனம் எல்லாம் நாரியைப் பிடித்துக்கொண்டே வந்தது. என் மனிசனும் விடவில்லை. "ஒருக்கா முறிச்சு விடுமன் பிள்ளை, ஆருக்குத் தெரியப்போகுது?"

"முறிக்கிறதெண்டா விறகு தாங்கோ அண்ணை," என்றீர்.

பிறகு எனக்கே நாரி பிடித்தது. உடுப்புக் கூடையைத் தூக்கக் குனிந்தவள் நிலத்தில் கிடந்தேன். நீர் ஓடி வந்து, பக்கத்தில் நிலத்திலேயே படுத்து என் கையைப் பிடித்துக்கொண்டீர். முதுகைத் தொடவில்லை.

"தெரிஞ்ச கைதானே, வையுமன்!" என்று ஏசினேன்.

"என்ர கையை எனக்குத் தெரியும் அக்கா. அது மட்டும் காணாது. லைசென்ஸ் வரட்டும், அஜக்ஸ் டவுனில சின்னதா ஒரு கிளினிக் போடுவன். முதல் நாரி உங்கட நாரிதான்."

வேறொரு கைரோபிரக்டரிடம் கூட்டிப் போய், வெளியில் காவல் இருந்தீர். வழி முழுக்க நான் யன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

கோபம் ஆறின பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். நீர் சொல்லச் சொல்லக் கேட்டு அந்தக் கல்லூரியின் பெயர் எனக்குப் பாடம். அர்ச்சனைக்கு அதைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"அது கல்லூரி ஐயா."

என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "அப்ப சுவாமி பேரிலயே செய்வம்."

வந்து சொன்னபோது நீர் பேஸ்மென்ட் படியில் இருந்து சிரித்த சிரிப்பு! கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராசி என்னெண்டாவது சொன்னீங்களோ அக்கா?" என்றீர்.

அங்கீகாரம் வந்த அன்று கடைக்குப் போன் எடுத்தீர். என் கை முழுக்க மா. தோளால் போனை அமத்திக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, கல்லூரிக்குப் பச்சைத் தாள் ஒட்டியாச்சு!"

சோதனைக்குப் படிக்கத் தொடங்கின கையோடு உமக்கு உடம்பில் பெரிய வருத்தம் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலும் அந்தப் புத்தகங்கள் தலைமாட்டில் கிடந்தன. சோதனை எழுத உமக்கு நாள் வாய்க்கவில்லை; அதற்கு முதலே கண்ணை மூடிவிட்டீர். என் நாரியை நீர் ஒருநாளும் தொடவில்லை.

உம்மால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. புது டொக்டரிடம் போனால் கேட்பேன். இன்றும் படுத்தபடியே தலையைத் தூக்கிக் கேட்டேன்.

"பிள்ளை, நீர் படிச்ச இடத்தை ஆரும் வந்து பாத்தவையோ?"

"அக்ரெடிடேஷனா அன்ரி? வாவ், ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை!" சிரித்தாள். "நான் ஸ்காபரோவில பிறந்தனான். இங்க இடம் கிடைக்கேல்லை, சோ யூரோப்பில படிச்சனான். அது எல்லாம் ஓகே. திரும்பி வந்த உடனேயே எக்ஸாம் எழுத விட்டவை." கல்லூரியின் பெயரையும் சொன்னாள்.

ஐயரிடம் நான் சொன்ன பெயர்.

"என்ர சிநேகிதியும் அங்கதான் படிச்சவ," என்றேன்.

"ரியலி? எங்க பிராக்டிஸ் பண்ணுறா?"

"அவவுக்கு அது சரிவரேல்லை பிள்ளை."

முகத்தைக் கடதாசியில் வைத்தேன். அவள் என் நாரியில் கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பதறாத கை. உமக்குப் படிப்பித்தவர்கள்தான் இவளுக்கும் படிப்பித்திருப்பார்கள்.

உமது கை எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை நாரியில் அந்தச் சூடு இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.