பாலத்துக்கு இந்தப் பக்கம்

மாசிமா,

பிரசவ வார்டின் வாசலில் உங்கள் பெயரை இன்று காலை எழுதி முடித்தார்கள். சுகாதாரத் துறையின் வட்டாரப் பொறியாளர் சொன்ன செய்தி இது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெயருக்கு மேலே 'நினைவு' என்றொரு சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். ஈரம் காயாத நீலப் பெயின்டின் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகம் வரை வந்துவிட்டது. செய்தியை அனுப்பியாயிற்று. அதில் இடமில்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

கல்கத்தாவின் கார்டன் ரீச்காரர்களுக்கு அந்தப் பாலத்தை விளக்க வேண்டியதில்லை. இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிகள் எல்லாம் அந்தப் பக்கம், கிடர்பூரைத் தாண்டி. நடுவே துறைமுகத் தண்ணீர். கப்பல் வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். பஸ், லாரி, கைவண்டி, நோயாளி எல்லாம் ஒன்றாக நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியானம் அப்படி நின்ற டாக்ஸியில் செல்வி இருந்தாள். துறைமுகக் குமாஸ்தா ஒருவரின் மனைவி, எங்கள் மாடிவீட்டுக்காரி. கணவர் வேலையில் இருந்ததால் நான் கூட வந்திருந்தேன். "அண்ணா, பாலத்த இறக்கச் சொல்லுங்கண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரிடம் சொல்வது?

பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கி வந்தீர்கள். ஊரே மாசிமா, சித்தி, என்று கூப்பிடும் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பஸ்ஸில்தான் போவார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முந்தானையைக் கதவுக்குக் குறுக்கே திரையாகப் பிடித்துக்கொண்டு, அரைகுறை இந்தியில், "என்னைப் பாரும்மா, வேற எங்கயும் பாக்காதே" என்றீர்கள். குழந்தை பிறந்தது. அழவேயில்லை.

பாலம் இறங்கியதும் லாரிகள் ஹாரன் அடித்தன. நீங்கள் முந்தானையை எடுக்கவில்லை. இறங்கி வந்து கத்திய டிரைவரிடம் திரும்பாமலே சொன்னீர்கள்: "கப்பலுக்கு நின்னீங்கல்ல? இவளுக்கும் நில்லுங்க."

அதன்பின் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் நீங்கள் கேட்டது ஒன்றைத்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பிரசவ வார்டு. கிடைத்த பதிலும் ஒன்றுதான்: பூஜைக்குப் பிறகு. கல்கத்தாவில் கோப்பானாலும் குழாயானாலும் எல்லாமே பூஜைக்குப் பிறகுதான். ஒருமுறை எழுந்து நின்று, "எந்தப் பூஜை, மந்திரி மொஷாய்? துர்கையா, லட்சுமியா, காளியா? சொல்லிட்டீங்கன்னா நான் சரஸ்வதி வரைக்கும் உபவாசம் இருக்கறேன்" என்றீர்கள். அவையே சிரித்தது. அமைச்சரும் சிரித்தார்.

மறுநாள் காலை உங்கள் போன் வந்தது.

"மதராஸி பாபு, ஜோக்கைப் போட்டிருக்கே. பதில் வரலேன்னு போட்டியா?"

"கடைசி வரியில இருந்தது மாசிமா. இடமில்லேன்னு வெட்டிட்டாங்க."

"அப்ப இனிமே முதல் வரியில போடு. தலையை வெட்ட யோசிப்பாங்க."

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தேர்தலில் உங்கள் கட்சி உங்களை நிறுத்தவில்லை. ஓய்வு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவையின் கடைசி நாளில் விடைபெறும் உறுப்பினர்களைப் பாராட்டிப் பேசிய அமைச்சர் உங்களைப் பற்றிச் சொன்னார்: "கார்டன் ரீச்சின் தாய்மார்களுக்குப் பிரசவ வார்டைத் தந்த தாய்." முன்பொரு தேர்தலுக்கு முன் அடிக்கல் மட்டும் நாட்டிய படத்தை வைத்து யாரோ உரை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எல்லா மேசைகளும் தட்டப்பட்டன.

நீங்கள் எழுந்தீர்கள். தயாரித்து வந்த உரையைப் பிரிக்கவில்லை.

"பேரவைத் தலைவர் அவர்களே, ஒரு திருத்தம். வார்டு இல்லை. கல்தான் இருக்கிறது. அதில் ஆடு படுத்திருக்கிறது. அவைக் குறிப்பில் சரிசெய்துவிடுங்கள்."

உட்கார்ந்துவிட்டீர்கள். இத்தனை வருடப் பொதுவாழ்வின் கடைசிப் பேச்சு அவ்வளவுதான். இந்தமுறை யாரும் மேசையைத் தட்டவில்லை.

தாழ்வாரத்தில் உங்கள் கட்சிக்கார இளைஞர் ஒருவர் சலித்துக்கொண்டார்: "கடைசி நாள்லயுமா மாசிமா? நல்லதா ஒரு வார்த்தை சொன்னா வாங்கிக்கக் கூடாதா?"

"வாங்கிக்கிட்டா வேலை முடிஞ்சதா ஆயிடும், பாபா. அதுக்குத்தானே கொடுக்கறாங்க."

பாலிகஞ்சில் தங்கை வீட்டு மாடியறைக்குப் போனீர்கள். முதல் சில மாதங்கள் ஆட்கள் வந்தார்கள். பிறகு தங்கை வீட்டுக்காரர்கள் மட்டும். நான் போகும்போதெல்லாம் நலம் விசாரிக்குமுன் நீங்கள் கேட்டது, "சுவர் எழும்பிச்சா?" இல்லை என்பேன். கடைசியாக நான் வந்தபோது உங்களால் கேட்க முடியவில்லை, கண்ணால் கேட்டீர்கள். அப்போதும் இல்லை என்றுதான் சொன்னேன். உங்களிடம் வேறு சொல்ல முடியாது.

நீங்கள் இறந்த பிறகு அவையில் இரங்கல் தீர்மானம் வந்தது. அதே வாக்கியம்: "பிரசவ வார்டைத் தந்த தாய்." எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். திருத்தம் சொல்ல யாரும் இல்லை. நிருபர் மாடத்திலிருந்து பேச எங்களுக்கு அனுமதி கிடையாது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் வந்த என் செய்தியின் முதல் வரி, அந்த வார்டு இன்னும் கட்டப்படவில்லை என்பதாக இருந்தது. அதை யாரும் வெட்டவில்லை.

அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பற்றி எழுதினாலும் இல்லாததை முதல் வரியில் வைக்கிறேன். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தப் பழக்கம்.

இன்றைய முதல் வரியும் அப்படித்தான். கட்டடம் முடிந்தது, கட்டில்கள் வந்துவிட்டன, பெயரும் எழுதியாயிற்று. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. நியமன உத்தரவு நிதித்துறையில் நிற்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் வரும் என்று சுகாதாரத் துறையின் இணைச் செயலாளர் போனில் சொன்னார். எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.

வார்டுக்கு எதிர்ச் சந்தில் ரெஹானா என்றொரு பெண்ணுக்கு இது தலைப்பிரசவம். டிசம்பர் கடைசி என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை அவளும் வாசலில் நின்று பெயர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிடர்பூரில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறார்கள்.