முத்திரை உடையாத புட்டி

இன்று உன் அறையின் கருப்புத் திரைகளை உன் மனைவி பிலோமினா கழற்றித் துவைக்கப் போட்டாள். கோவளத்தில் உன் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அந்த அறையில் வெயில் விழுந்திருந்தது. இத்தனை வருடங்களில் அங்கே வெயிலை நான் பார்த்ததே இல்லை. காலி அலமாரித் தட்டுகளில், புட்டிகள் நின்ற இடமெல்லாம் வட்டம் வட்டமாகத் தூசி படியாமல் இருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியது சேர்ந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கப்பல் இன்ஜினியராக நீ துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிய நாட்களில் உன்னோடு இருந்தவர்கள் டேப் ரிக்கார்டரும் சென்ட்டும் வாங்கி வந்தார்கள். நீ மட்டும் பழைய விஸ்கி புட்டிகளை லுங்கியில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்தாய். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. முத்திரை உடையக் கூடாது, லேபிள் வெளுக்கக் கூடாது, கார்க் கெட்டுவிடும் என்பதால் புட்டியைப் படுக்க வைக்கக் கூடாது. நானோ செங்கல்பட்டில் நாம் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து ஒரு சொட்டும் தொடாத திருக்கழுக்குன்றத்துக்காரன். நீயும் குடிப்பதில்லை, பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

"பீப்பாய்ல கீற வரைக்கும்தான் மச்சான் இதுக்கு வயசு ஏறும். பாட்டில்ல ஊத்தி மூடிட்டா நின்னுடும். இத செஞ்சவன் செத்துட்டான். அந்தக் கம்பெனிய இடிச்சிட்டு வூடு கட்டிட்டானுங்க. இது மட்டும் மூடுன அன்னிக்கு எப்டி இருந்துச்சோ அப்டியே கீது. இனிமே எவனாலயும் இத செய்ய முடியாது."

பிறகு புட்டியின் கழுத்தில், விஸ்கிக்கு மேலே இருந்த சிறிய இடைவெளியை விரலால் காட்டினாய். "இதுல கீற காத்தும் அன்னிய காத்துதான். மூடுனவன் வுட்ட மூச்சுகூட இருக்கலாம்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றுதான் உன் சேகரிப்பின் மேல் எனக்கு மரியாதையும், கூடவே கொஞ்சம் பயமும் வந்தது.

அவற்றில் ஒன்றை ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவில், கணவனை இழந்த ஒரு மூதாட்டியிடம் வாங்கினாய். மூடப்பட்ட ஆலையின் கடைசிப் பீப்பாயிலிருந்து அவள் கணவன் தன் கையாலேயே நிரப்பி மெழுகு வைத்த புட்டி. கொடுக்கும்போது, இது வீட்டில் இருக்கும்வரை அவர் போக மாட்டேன் என்கிறார் என்றாளாம். வயதானவள் பேச்சு என்று விட்டுவிட்டாய்.

நீ ஓய்வு பெற்றுக் கரையேறியபின் அந்தப் புட்டியில் விஸ்கி குறையத் தொடங்கியது. டார்ச்சைப் பின்னால் பிடித்து எனக்குக் காட்டினாய்.

"கசிவு இல்ல. மெழுகுல ஒரு கீறல் இல்ல. ஆனா எறங்கிக்கினே போவுது, பாரு."

"ஆவியாயிருக்கும்டா."

"மத்ததெல்லாம் ஆவியாவலையே."

அதன்பின் மதியங்களை நீ அந்த அறையிலேயே கழித்தாய். உன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு காலி நாற்காலி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதில் உட்காரப் போனபோது, "அதுல வோணாம் மச்சான்" என்று என் கையைப் பிடித்தாய். உன் விரல்கள் குளிர்ந்திருந்தன. நீ மெலிந்துகொண்டே போனாய். டாக்டர்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஒரு மதியம் பிலோமினா டீ கொண்டுவந்தபோது நீ உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தாய். காலி நாற்காலி உன்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

உன் ஆசைப்படியே சேகரிப்பு அதன் அருமை தெரிந்த ஒருவரிடம் போனது. சென்னையிலிருந்து வந்தவர், ஒவ்வொரு புட்டியையும் இரண்டு கையாலும் வாங்கினார். அந்தத் தீவுப் புட்டியை மட்டும் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"முத்திரை பழசுதான் சார், யாரும் கை வைக்கல. அப்டி இருக்கும்போது உள்ள இவ்ளோ குறையக் கூடாது. எனக்கு இது வேணாம்."

அவர் போனதும் பிலோமினா அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "தொறங்கண்ணா."

மெழுகைச் சுரண்டினேன். கார்க் முழுசாக, ஈரமாக, புதிதுபோல வெளியே வந்தது. புகை, உப்பு, நனைந்த கயிறு, ஆஸ்பத்திரி மருந்து எல்லாம் கலந்த ஒரு வாசனை அறையை நிறைத்தது. பிலோமினா குனிந்து முகர்ந்தாள்.

"இதாண்ணா. கடைசி வருஷம் பூரா அவரு சட்டையில அடிச்ச வாசன இதான். திருட்டுத்தனமா குடிக்கிறியான்னு எவ்ளோ சண்ட போட்டேன். மாதா மேல சத்தியம் பண்ணாரு. நான் நம்பவே இல்ல."

உடைத்த மெழுகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு நாங்கள் இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். படகுகளைத் தாண்டி, அலை வந்து தொடும் இடத்தில் நின்று, மிச்சத்தை அவளே ஊற்றினாள். "போய்ட்டு வாங்க" என்றாள். உன்னிடம் சொன்னாளா, அந்த வெளிநாட்டுக்காரனிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

நடந்து ஒரு மாதம் ஆகிறது. பிலோமினா இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம். திரையைக் கழற்றும்போது பாடிக்கொண்டுகூட இருந்தாள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். என் மனைவி அதை முகத்தருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது, ஒரு மாசமா எத்தன வாட்டி தொவச்சாலும் ஒரே பொகை நாத்தம். கோவளத்துல போயி குடிச்சிட்டு வரீங்களா?"

இல்லை என்றேன். சாமி மேல் சத்தியம் செய்தேன்.

அவள் நம்பவில்லை.