கேசட் முடியும்வரை

மாமா,

உங்கள் கட்டம் போட்ட கைக்குட்டை என் மடியில் இருக்கிறது. இரண்டு முறை துவைத்தும் தைல வாசனை போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். உம்மாவின் ஸ்கேன் முடிவைக் கேட்க வாப்பா டாக்டர் அறைக்குள் போயிருக்கிறார். "நீங்களே கேட்டுட்டு வாங்க, என்னால முடியாது" என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டார். அந்தக் கதவைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு என்றாலே நம் வெள்ளிக்கிழமைகள்தான் நினைவுக்கு வருகின்றன. துபாயில், நம் கராமா வீட்டில், பகல் சாப்பாடு முடிந்ததும் பழைய டேப் ரிக்கார்டரைத் துடைத்து வைப்பீர்கள். நான் பிறப்பதற்கு வெகு முன்பு ஊரில் உங்கள் காலேஜ் ஆடிய ஃபுட்பால் மேட்ச்கள் அந்தக் கேசட்டுகளில் இருந்தன. அப்போது, வேலைக்காகத் துபாய் வந்த புதிதில், உங்கள் ரூமில் ஒன்பது பேர். எல்லோரும் அந்தக் காலேஜில் படித்தவர்கள். ஊரில் உங்கள் சிநேகிதர் ஒருவர் மைதானச் சுவரில் ஏறி உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் பேசிப் பதிவு செய்வார். லீவு முடிந்து வருகிறவர் அதைக் கொண்டுவருவார். போன் போட்டுக் கேட்டிருக்கலாம்; கேட்க மாட்டீர்கள். கேசட் முடியும்வரை முடிவை யாரும் சொல்லக் கூடாது என்பது ரூமின் சட்டம். கொண்டுவந்தவருக்கு முடிவு தெரியுமே! அதனால் அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

"பல்லக் காட்டுனான்னா ஜெயிச்சது தெரிஞ்சிடும்ல?" என்பீர்கள்.

என்னோடு கேட்கும்போது முடிவு தெரிந்தவர் நீங்கள். அதனால் நீங்கள் மூடிக்கொள்வீர்கள். ஒரு பக்கம் முதல் பாதி, திருப்பிப் போட்டால் இரண்டாம் பாதி. ஒருநாள் ஃபைனல் ஓடியது. கடைசி நிமிடத்தில் உங்கள் காலேஜுக்குப் பெனால்டி. "ஓடி வர்றான், ஓடி வர்றான்" என்று குரல் கத்தும்போதே நாடா தீர்ந்து, டக்கென்று நின்றது.

"மாமா, கைக்குட்டைய எடுங்க!"

"இரு புள்ள. அன்னிக்கு நாங்க எட்டுப் பேரும் கேசட் கொண்டாந்தவன் மேல இப்படித்தான் விழுந்தோம்."

மெல்ல எடுத்தீர்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை வருடம் கழித்தும் அது தோற்றுப்போன முகம்.

போன வருடம், இதே ஆஸ்பத்திரியில், டாக்டர் உங்களைப் பற்றி வாப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்படியே உங்கள் கட்டிலுக்கு வந்தேன். என்னையே பார்த்தீர்கள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து இந்தக் கைக்குட்டையை எடுத்து நீட்டினீர்கள்.

"மூடிக்க புள்ள. கேசட் இன்னும் ஓடுதுல்ல."

மூடிக்கொண்டேன். அதற்குள் என் முகத்தில் எவ்வளவு பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போய்ப் பத்து மாதமாகியும் அந்தப் பயம் போகவில்லை. இன்று கதவு திறந்ததும் வாப்பாவை முதலில் பார்க்கப்போவது நான். உம்மா பார்க்கப்போவது என்னை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உம்மா கைக்குட்டையைப் பார்த்துவிட்டார்.

"அவனோடதா?"

தலையாட்டினேன்.

"மடிச்சு உள்ள வையி. நான் ஒன் மொகத்தப் பாக்கணும். என்னவா இருந்தாலும் சரி."

பைக்குள் வைத்துவிட்டேன், மாமா. விரல்களில் தைல வாசனை மட்டும் இருக்கிறது. டாக்டர் அறையின் கைப்பிடி திரும்புகிறது. உம்மா என்னையே பார்க்கிறார்.